கோப்பு கண்முன்னே இருக்கிறது, லைப்ரரி ஏன் லோடு ஆகவில்லை?

பைத்தானில் சிடைப்ஸ் என்ற மாட்யூல் வழியாக ஒரு சி மொழி லைப்ரரியைக் கூப்பிடும் நிரல், எழுதியவர் கணினியில் ஓடும். அடுத்தவர் கணினியில் படுத்துவிடும். பெரும்பாலும் கோளாறு லைப்ரரியைத் தேடும் அந்த நாலு வரியில்தான்.

தரவைச் சுருக்கும் லைப்ரரியான இசட்லிப்பையே பார்ப்போம். டெபியன், உபுண்டு லினக்ஸில் "லிப்இசட்.எஸ்ஓ" என்பது நிரலாளர்களுக்கான '-டெவ்' பேக்கேஜோடு வரும் வெறும் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி), கம்பைல் செய்யும்போது லிங்கர் பார்ப்பதற்காக வைத்தது. பயனர் கணினியில் பொதுவாக "லிப்இசட்.எஸ்ஓ.1" மட்டுமே இருக்கும். எனவே கடைசி எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

லைப்ரரியைத் தேடித் தர சிடைப்ஸிலேயே ஃபைண்ட்_லைப்ரரி இருக்கிறதே என்பீர்கள். லினக்ஸில் அது எல்டிகான்ஃபிக், ஜிசிசி, எல்டி போன்ற வெளி நிரல்களை ஓட்டித்தான் விடை சொல்கிறது. சொல்வதும் பெயரைத்தான், முழுப் பாதையை அல்ல. இவையெல்லாம் இல்லாத சின்ன கன்டெய்னரில், லைப்ரரி இருந்தாலும் 'நன்' (எதுவும் கிடைக்கவில்லை) என்று வரலாம். ஆபத்து அதற்குப் பிறகுதான். அந்த 'நன்'னைச் சோதிக்காமல், லைப்ரரியை லோடு செய்யும் சிடிஎல்எல்லுக்குக் கொடுத்தால் லினக்ஸிலும் மேக்கிலும் பிழையே வராது. ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானையே திறந்து கையில் கொடுத்துவிடும். ஃபங்ஷனைக் கூப்பிடும்போதுதான் "அன்டிஃபைன்ட் சிம்பல்" என்று வெடிக்கும். இசட்லிப் ஏற்கெனவே பிணைந்த பைத்தானாக இருந்தால் வெடிக்காமல் ஓடியும் தொலைக்கும். அது இன்னும் மோசம்.

மேக்கில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லோடு செய்யாதீர்கள். 2020இல் வந்த மேக்ஓஎஸ் பிக் சர் முதல், சிஸ்டம் லைப்ரரிகள் டிஸ்கில் தனிக் கோப்பாக இல்லை; மேக்கின் லோடரான டிஒய்எல்டியின் பகிர்வு கேஷில் இருக்கின்றன. சோதனை 'இல்லை' என்னும், லோடு செய்தால் ஏறும். ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் கருவி நிறுவிய லைப்ரரி என்றால் இன்டெல் மேக்கில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப், ஆப்பிள் சிலிகானில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ/லிப். இரண்டாவதை லோடர் தானாகத் தேடாது.

விண்டோஸில் "குட் நாட் ஃபைண்ட் மாட்யூல்" என்ற செய்தியை அப்படியே நம்பக் கூடாது. பல முறை காணாமல் போயிருப்பது அந்த டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு) சார்ந்திருக்கும் இன்னொரு டிஎல்எல். பைத்தான் 3.8 முதல் சார்புக் கோப்புகளை 'பாத்' என்ற சூழல் மாறியில் உள்ள ஃபோல்டர்களில் தேடுவதில்லை. அவை இருக்கும் ஃபோல்டரை ஓஎஸ்.ஆட்_டிஎல்எல்_டைரக்டரியில் சேர்க்க வேண்டும். பிழை எண் 193 வந்தால் 32-பிட், 64-பிட் கலந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் நிரல் தேட வேண்டிய வரிசை: பயனர் சூழல் மாறியில் கொடுத்த முழுப் பாதை, பிறகு நிரலோடு அனுப்பிய பிரதி, அதற்கும் பிறகே சிஸ்டம் பெயர். எதுவும் ஏறாவிட்டால், முயன்ற ஒவ்வொரு பெயரையும் அதற்கு லோடர் சொன்ன காரணத்தையும் பிழைச்செய்தியில் அச்சிடுங்கள்.