16 ஜிபி ஆப்டேன் இருந்தும் லேப்டாப் ஏன் இழுக்கிறது?

"அண்ணே, 20 ஜிபி மெமரின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. அப்புறம் ஏன் குரோம் திறக்கவே இந்தத் திணறு திணறுது?"

2018, 2019 மாடல் லேப்டாப்கள் சர்வீஸுக்கு வரும்போது இந்தக் கேள்வியும் கூடவே வரும். பில்லை வாங்கிப் பார்த்தால் 4 ஜிபி ரேம், 16 ஜிபி இன்டெல் ஆப்டேன் மெமரி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று இருக்கும். நாலையும் பதினாறையும் கூட்டி இருபது என்று விற்றிருக்கிறார்கள். பெயரில் மெமரி இருக்கிறதே தவிர ஆப்டேன் ரேம் கிடையாது. ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் நிற்கிற கேஷ் (cache), அதாவது அடிக்கடி வேண்டியதை எடுத்து வைக்கும் இடம், அவ்வளவுதான்.

கேஷ் எதற்கு? லேப்டாப்பில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று ரகம். ஒரு சுற்றுக்கே சுமார் 11 மில்லி செகண்ட் ஆகும். ஹெட் நகர்ந்து போய், வேண்டிய இடம் அதற்கு நேராகச் சுற்றி வரவேண்டும். இப்படி சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை செகண்டுக்கு நூறு தடவை எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கில் கேட்கும். அடிக்கடி கேட்கப்படுவதை மட்டும் ஒரு வேகமான சிப்பில் நகல் எடுத்து வைத்தால் இந்தக் காத்திருப்பு குறையும் என்பதுதான் கணக்கு.

கணக்கு தப்பில்லை, பழையதும்கூட. 2007-இல் விஸ்டா காலத்திலேயே இன்டெல் 'டர்போ மெமரி' என்று 1 ஜிபி ஃபிளாஷ் (பென் டிரைவில் இருக்கும் சிப் வகை) அட்டையை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தது. எச்பியும் சோனியும் அப்போதே அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2010-இல் சீகேட் 4 ஜிபி ஃபிளாஷை ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே வைத்தது. 2012 வாக்கில் அல்ட்ராபுக்குகளில் 24, 32 ஜிபி கேஷ் எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிரைவ்) வந்தது. 2017-இல் ஆப்டேன். கறாராகச் சொன்னால் ஆப்டேன் ஃபிளாஷே அல்ல, 3டி எக்ஸ்பாயின்ட் என்ற வேறு வகை. ஆனால் பார்த்த வேலை இதேதான். 2022-இல் இன்டெல் ஆப்டேன் தொழிலையே மூடுவதாக அறிவித்துவிட்டது. பென் டிரைவைச் செருகி, அதையே கேஷாக்கும் விண்டோஸின் ரெடிபூஸ்ட் வசதியைப் போடச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எஸ்எஸ்டி இருக்கிற மெஷினில் விண்டோஸே அதை வேண்டாம் என்று மறுத்துவிடும்.

சரி, வேகம் கூடுமா? கூடும், தினமும் அதே நாலு வேலையைச் செய்கிறவருக்கு. காலையில் பூட் செய்து, டேலி திறந்து, பிரவுசர் திறந்து வேலை பார்க்கும் அக்கவுண்டன்ட் மெஷினில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதிதாக ஒரு சாஃப்ட்வேரை முதல் தடவை திறந்தால் பழைய ஹார்ட் டிஸ்க் வேகம்தான். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அத்தனை பெரிய ஃபைல்கள் 16 ஜிபிக்குள் எங்கே தங்கும்?

இதில் முக்கியமான இடம் ரேம். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 10 ஓடும்போது பத்து டேப் திறந்தாலே ரேம் நிரம்பி, மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பிக்கும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100-இலேயே நின்றால் முதல் செலவு ரேமுக்குத்தான். மெமரி பாதியிலேயே இருந்து டிஸ்க் மட்டும் 100 என்றால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அதே இடத்தில் உட்காரும். எல்லா ஃபைலும் எஸ்எஸ்டியிலேயே இருக்கும்போது எதைக் கேஷில் வைப்பது என்ற பேச்சே இல்லை. இன்றைக்கு கேஷுக்கென்று தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள் என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்.

ஆனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம். ஆப்டேனும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே டிரைவாகக் கோர்த்து வைக்கப்பட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத டேட்டா ஆப்டேனில் இருக்கலாம். எடுத்த எடுப்பில் ஆப்டேன் அட்டையைக் கழற்றினால் மெஷின் பூட் ஆகாது, ஹார்ட் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் சரியாகப் படிக்காது. கடைக்கு வரும் 'டிஸ்க் போச்சு' கேஸ்களில் சில இப்படி ஆனவைதான். முதலில் பேக்கப் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயை எழுதி வையுங்கள். பிறகு இன்டெல் ஆப்டேன் ஆப்பில், அது இல்லையென்றால் ரேபிட் ஸ்டோரேஜ் ஆப்பில், டிசேபிள் கொடுத்து அது முடியும்வரை பவரை அணைக்காமல் காத்திருங்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு ஹார்ட் டிஸ்க் தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றலாம்.

புது விண்டோஸ் போடுவதாக இருந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்கில்) ஸ்டோரேஜை ஆப்டேன் கோர்வை இல்லாத சாதாரண முறையான ஏஎச்சிஐ-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய விண்டோஸையே குளோன் செய்து வைக்கிறீர்கள் என்றால் நேரடியாக மாற்றக் கூடாது, நீலத் திரை வரும். சேஃப் மோடு வழியாகப் போய்த்தான் மாற்ற வேண்டும். ஆப்டேன் அட்டை செருகியிருந்த எம்.2 ஸ்லாட்டில், சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ ரக எஸ்எஸ்டி போடலாமா என்பது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் முழு நீள அட்டைக்கு இடமே இருக்காது, அதனால் மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.