"கழட்டி வைச்சிட்டன் டொக்டர்": சீபாப் கருவியோடு முதல் ஒரு மாதம்

நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு (ஸ்லீப் அப்னியா), இரவில் மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பும் சீபாப் கருவியைக் கொடுக்கிறோம். அதோடு வீட்டுக்கு அனுப்பியவர்கள் இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்குக்கு வரும்போது, கதவடியில் நிற்கிற விதத்திலேயே எனக்கு விளங்கிவிடும். கொப்பியை நீட்டுவார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். "கழட்டி வைச்சிட்டன் டொக்டர். எனக்கு ஏலாது." பரீட்சையில் தவறிய பிள்ளை மாதிரி ஒரு குரல். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் கிழமையில் கழற்றி வைக்காதவர்களை நான் கண்டது குறைவு. பெட்டிக்குள் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளாமல் இங்கே கொண்டுவந்துவிட்டீர்கள், இனிச் சேர்ந்து பார்ப்போம்.

வன்னியில் இந்த நோயோடு எங்களிடம் வருகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காணாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏ9 வீதியில் டிப்பர் ஓட்டும் ஒருவர். நாற்பத்தெட்டு வயது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டியை நிறுத்தி, கிளீனர் இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வருவதற்குள் இவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து நித்திரையாகிவிடுவார். இரவு நாலு தரம் சலம் போக எழும்புவார். சீனி வருத்தமாக இருக்குமென்று இரண்டு முறை இரத்தம் பரிசோதித்தாயிற்று, சீனி இல்லை. பிரஷர் மட்டும் மூன்று குளிசைக்கும் அடங்கவில்லை. அவருடைய மனைவி சொன்ன ஒரு வசனம்தான் வழியைக் காட்டியது: "உறுமிக்கொண்டு கிடக்கேக்க எனக்குப் பிரச்சினையில்லை டொக்டர். அது நிண்டு போகேக்கதான் பயம். எழும்பி மூக்கடியில கை வைச்சுப் பாப்பன்."

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. எல்லோருக்கும் தளரும். சிலருக்கு அந்தத் தளர்வில் மூச்சுப்பாதை ஒட்டி மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்க, மூளை திடுக்கிட்டு ஆளை அரைவாசி எழுப்புகிறது, ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும், வெகுவாகக் குறைவதையும் சேர்த்து மணிக்கு எத்தனை தடவை என்று எண்ணுகிறோம். 5இலிருந்து 15 வரை இலேசானது, 30க்கு மேல் கடுமையானது. டிப்பர்காரருக்கு 42. அந்த இரவுச் சலத்துக்கும் காரணம் இதுதான். மூடிய தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுக்கும்போது இதயம் விரிகிறது, உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி ஒரு சுரப்பை விடுகிறது, சிறுநீரகம் அதைக் கேட்டுத் தண்ணீரை வெளியேற்றுகிறது. இவர் கருவி போட்ட சில நாட்களிலேயே நாலு தரம் ஒரு தரமாகியது.

சீபாப் செய்வது சின்ன வேலை. சப்பிப்போன சைக்கிள் ரியூப் காற்றடித்தால் விறைத்து நிற்பது போல, மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டையை ஒட்டாமல் திறந்து வைக்கிறது. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் இதை உலகுக்கு அறிவித்தபோது, அவருடைய முதற் கருவிகள் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்டுச் செய்தவை. இன்றைய கருவியின் அழுத்தம் 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அளவு. ஒரு குவளைத் தண்ணீரில் ஸ்ட்ரோவைப் பத்துச் சென்ரிமீற்றர் ஆழம் விட்டுக் குமிழி வர ஊதிப் பாருங்கள். பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது கிட்டத்தட்ட அந்த அளவு அழுத்தம்தான்.

இங்கே இரண்டு பயங்களை அடிக்கடி கேட்கிறேன். ஒன்று, 2021இல் கொரோனா வார்ட்டில் சொந்தக்காரரைப் பார்த்தவர்களின் பயம். "அந்த மெசின் போட்டால் ஆள் திரும்பாது" என்று மனதில் பதிந்திருக்கிறது. அன்று அங்கே பாவித்தது நோயால் கெட்டுப்போன சுவாசப்பைகளைத் தாங்க. உங்கள் சுவாசப்பை நலமாக இருக்கிறது. இந்தக் கருவிக்குள் ஒட்சிசனும் இல்லை, இருப்பது உங்கள் அறைக் காற்று. மற்றது, "கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமா?" நிற்காது. மூச்சை நீங்கள்தான் விடுகிறீர்கள், கருவி பாதையைத் திறந்து பிடிக்கிறது, அவ்வளவுதான். மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கில், காற்று நின்றவுடன் தானாகத் திறக்கும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. கரண்ட் போனால் எழும்பிக் கழற்றி வையுங்கள், வந்ததும் போடுங்கள்.

மூன்றாவது பயம் ஒன்று உண்டு. அதை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு. குண்டானவர்களுக்குத்தான் இந்த நோய் என்று நினைக்கிறோம், ஒடுங்கிய தாடை உள்ள மெலிந்தவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வருகிறது. கணவர் 2009இல் இல்லாமற் போனவர். பக்கத்தில் படுத்திருந்து குறட்டையைக் கேட்க ஆளில்லாத பெண்கள் எங்கள் பகுதியில் எத்தனை பேர்! அவர்களுக்கு இது தலையிடி, அசதி, "வயசு போட்டுது" என்று வேறு பெயர்களில் வருடக்கணக்காய்க் கழிகிறது. இந்த அம்மாவுக்கு அதைக் கண்டுபிடித்தது கூடப் படுக்கும் பேத்தி. "அம்மம்மா மூச்சு விட மறந்து போறா" என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள்.

மாஸ்க்கை முகத்தருகே கொண்டு போனவுடன் அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. வியர்த்துவிட்டது. "மூஞ்சியில பட்ட உடன அந்த மண்வாசம் வருது பிள்ளை" என்றார். சேலை கிழித்துத் தைத்த மண்மூட்டைகளுக்கு நடுவில் பங்கருக்குள் கிடந்த நாட்களின் வாசம். சிலிக்கனுக்கு அப்படி ஒரு வாசம் கிடையாது. ஆனால் முகத்தை ஏதோ ஒன்று மூடினால் அந்த உடம்புக்கு ஞாபகம் வருவது அதுதான். போர் அனுபவத்தால் மனம் காயப்பட்ட முன்னாள் படையினரிடம் வெளிநாடுகளில் செய்த ஆய்வுகளும் இதையே காட்டியிருக்கின்றன: அவர்களுக்கு மாஸ்க்கைப் பழகுவது கடினம், பழகிவிட்டால் கெட்ட கனவுகள் குறைகின்றன. இரண்டாவது பாதிக்காகத்தான் முதற் பாதியில் பொறுமையாக இருக்கச் சொல்கிறேன்.

அன்று நாங்கள் மாஸ்க்கைப் போடவேயில்லை. பெல்ட்டைக் கழற்றி, வெறும் மாஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். ரியூப்பைப் பொருத்திக் காற்றை விட்டு, கன்னத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அடுத்த ஐந்து நாளும் வீட்டில், பகலில், விறாந்தையில் முற்றத்து வேம்பைப் பார்த்துக்கொண்டு, கையாலேயே மூக்கில் பிடித்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நிறுத்தி வைத்த கருவியோடு மாஸ்க்கைப் பிடித்தால் மூச்சு முட்டும், காற்று எப்போதும் ஓடவேண்டும். அதன்பிறகு பெல்ட். தொலைக்காட்சி பார்த்தபடி அரைமணி நேரம். பிறகு மத்தியானம் சாய்ந்து கொள்ளும்போது. அதற்கும் பிறகுதான் இரவு. ரியூப்பை மாஸ்க்கிலிருந்து ஒரு கையால் பிடுங்கும் இடத்தை இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க இருபது தடவையாவது பழக்கினோம். லைட்டை நிறுத்தாமல் படுக்கச் சொன்னேன். காற்று மெல்ல ஆரம்பித்து அரைமணி நேரத்தில் முழு அழுத்தத்துக்கு ஏறும் வசதி கருவியிலேயே உண்டு, அதையும் போட்டுக் கொடுத்தோம். அவருடைய கன்னத்தில் ஷெல் துண்டு பட்ட தழும்பு ஒன்று, அந்தப் பள்ளத்தால் காற்று ஒழுகியது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்குக்கு மாற்றினோம். முகத்தில் படும் இடமும் குறைந்தது, அதுவே பாதிப் பயத்தை எடுத்துவிட்டது. பத்தொன்பதாம் இரவு அவர் நாலு மணி நேரம் பத்து நிமிடம் போட்டிருந்ததாகக் கருவி காட்டியது.

இப்படிப்பட்ட பயம் இருந்தால் வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். மனநலக் கிளினிக்குக்கும் அனுப்புவோம், இரண்டும் சேர்ந்து ஓடலாம். இன்னொன்று, நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் அதையும் கட்டாயம் சொல்லவேண்டும். சில குளிசைகளும் இரவுச் சாராயமும் தொண்டையை இன்னும் தளர்த்தும். குளிசையைத் தாங்களாகவே நிறுத்துவதும் கூடாது.

மற்றவர்கள் கழற்றி வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒழுக்குத்தான். கண்ணுக்குள் காற்றடிக்கிறது, சத்தம் போடுகிறது. உடனே பெல்ட்டை இறுக்குகிறார்கள், மூக்குத்தண்டு புண்ணாகிறது, ஒழுக்கு கூடுகிறது. மாஸ்க்கின் ஓரம் காற்றில் சற்று உப்பினால்தான் முகத்தோடு பொருந்தும். படுத்து, காற்றை ஓடவிட்டு, முகத்திலிருந்து சற்று இழுத்து மறுபடி இருத்தி, பிறகு இரண்டு பக்கமும் சமமாகப் பிடியுங்கள். இருந்து சரிபார்த்தது படுத்தால் மாறிவிடும். படுக்கப் போகுமுன் முகம் கழுவுங்கள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் மாஸ்க் வழுக்கும். காலையில் மாஸ்க்கைக் குழந்தைச் சவர்க்காரத்தால் கழுவி நிழலில் காயவிடுங்கள், டெட்டோல் வேண்டாம். வாய் காய்ந்து எழும்பினால் வாய் திறக்கிறது, பெரிய மாஸ்க் பார்க்கலாம். மூக்கடைப்புக்கு ஸ்பிரே உண்டு. வயிறு ஊதி ஏப்பம் வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள், அழுத்தத்தை நாங்கள் பார்த்துச் சரிசெய்யலாம்.

கருவியோடு வரும் கையேடு கட்டிலுள்ள வீட்டுக்கு எழுதப்பட்டது. எங்கள் ஆட்களில் பலர் பாயில் படுப்பவர்கள். கருவி தலையை விட உயரத்தில் இருந்தால் காற்றை ஈரமாக்கும் தொட்டியின் தண்ணீர் ரியூப்பால் மூக்குக்கு வரும், எனவே நிலத்தில் ஒரு பலகை மேல் கருவியை வைத்து, நீங்கள் மெத்தையோ இரட்டைத் தலையணையோ போட்டு உயருங்கள். ரியூப் கிட்டத்தட்ட ஆறடி நீளம், நுளம்பு வலையின் விளிம்புக்குக் கீழால் உள்ளே எடுக்கலாம். கருவியின் பின்புறத் துவாரத்தை வலையோ சேலையோ மூடக்கூடாது. நுளம்புத்திரியை அந்த அறையில் கொளுத்தவே வேண்டாம், கருவி அந்தப் புகையை உறிஞ்சி நேரே உங்கள் மூக்குக்குக் கொடுக்கும். சோளகம் வீசும் மாதங்களிலும் அரிவு வெட்டுக் காலத்திலும் பில்டரைக் கிழமைக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். செம்மண் நிறமாகியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தில் அடியில் விடுகிற வெள்ளைப் படிவைத் தொட்டியிலும் விடும். கராச்சில் பட்டரித் தண்ணீர் என்று கேட்டு வாங்கும்போது கவனம், அசிட் கலந்ததும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கலாம். உண்மையில் வாடைக்கால ஈரத்தில் பலருக்குத் தண்ணீரே தேவையில்லை, மூக்கு காயாவிட்டால் தொட்டியை வெறுமையாக விடலாம். 2022இல் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் வெட்டிய நாட்களில் தொட்டித் தண்ணீரைச் சூடாக்குவதை நிறுத்திவிட்டு பட்டரியில் ஓட்டியவர்கள் இரவைக் கடந்தார்கள், கரண்டைக் கூடுதலாகத் தின்பது அந்தச் சூடுதான். ஆனால் பல கருவிகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. ஓட்டோ பட்டரியில் வயரை நேரே கொழுவாமல், அந்தக் கருவிக்கென்றே உள்ள மாற்றியை வாங்குங்கள்.

புதுக் கருவியின் விலை இலட்சங்களில். அதனால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அண்ணனோ பெறாமகளோ பாவித்ததை அனுப்புகிறார்கள். அந்த அன்பால் நித்திரை கொள்கிறவர்கள் என்னிடம் பலர் இருக்கிறார்கள். ஆனால் போடுமுன் கொண்டுவந்து காட்டுங்கள். அதிலிருப்பது அவருடைய தொண்டைக்கு வைத்த அழுத்தம். அத்தோடு 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல கருவிகளைத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஸ்பொஞ்ச் உதிர்ந்து காற்றோடு வரக்கூடும் என்பது காரணம். அனுப்பும் உறவினரிடம் சீரியல் இலக்கத்தை அந்த நாட்டிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். மாஸ்க்கும் ரியூப்பும் பில்டரும் எப்போதும் புதிதாகவே வரட்டும்.

எத்தனை மணி நேரம் போட்டால் போதும் என்று கேட்பார்கள். இரவுக்கு நாலு மணி என்பது உலகம் முழுதும் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் ஒவ்வொரு மணியும் இலாபம். பகல் நித்திரை போவதும் வாகனம் ஓட்டும்போது கண் செருகுவது நிற்பதும் உறுதியாகக் கிடைக்கும் பலன்கள், பிரஷரும் கொஞ்சம் இறங்கும். மாரடைப்பைத் தடுக்கும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. 2016இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 2,700க்கு மேற்பட்டவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாகப் போட்டது இரவுக்கு 3.3 மணி நேரம்தான். டிப்பர்காரர் இப்போது ஆறு மணி நேரம் போடுகிறார். கண் செருகுவது நிற்கும்வரை வண்டியைத் தொடவேண்டாம் என்று கேட்டிருந்தேன், முதலாளியிடம் பேசி மூன்று கிழமை யார்டில் வேலை செய்தார். அந்த மூன்று கிழமைச் சம்பளக் குறைவு அந்த வீட்டுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

முல்லைத்தீவு அம்மா போன மாதம் வந்திருந்தார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகவேண்டும், "அண்டைக்கு ஒருநாள் போடாமல் விட்டால் பிழையோ பிள்ளை?" என்று கேட்டார். கருவியை விட்ட இரவே தொண்டை பழையபடி மூடத் தொடங்கும், அடுத்த நாள் அசதி வரும் என்று உள்ளதைச் சொன்னேன். "நான் அங்க நித்திரை கொள்ளப் போறேல்லையே. விடிய விடிய முழிப்புத்தான்" என்றார். சரி, போய்வாருங்கள் அம்மா, அடுத்த நாள் மத்தியானம் படுக்கும்போது மறக்காமல் போடுங்கள் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.