100 ஜிபி பக்கேஜில் உங்களுக்குக் கிடைப்பது எத்தனை ஜிபி?

போனுக்கே டேட்டா போடுவதா, சிம் போட்டு வைஃபை தரும் மோடம் வாங்குவதா? வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விளம்பரத்தில் போட்டிருக்கும் ஜிபியால் விலையை வகுத்தால் பெரும்பாலும் மோடம்தான் மலிவு. நீங்கள் உண்மையில் பாவிக்கும் ஜிபியால் வகுத்துப் பாருங்கள், கதை மாறும்.

கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம். மோடம் பக்கேஜ் 1,800 ரூபா. 100 ஜிபியில் பகலுக்கு 40, நள்ளிரவுக்குப் பிறகு 60. ஒரு ஜிபி 18 ரூபா என்று தோன்றும். ஆனால் வேலைக்குப் போகிறவர் இரவு டேட்டாவில் 10 ஜிபியைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆக, கையில் வருவது 50 ஜிபி. 7,200 ரூபா மோடத்தை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 300. மொத்தம் 2,100, ஒரு ஜிபி 42 ரூபா. போனில் 15 ஜிபி 600 ரூபாவுக்குக் கிடைத்தால் அது 40தான்! அதே மோடத்தில் டவுன்லோட், பேக்அப் எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளி 80 ஜிபி பாவிக்கும் குடும்பத்துக்கு 26 ரூபா சொச்சம்.

போன் பக்கேஜ் 28 நாளா, 30 நாளா என்றும் பாருங்கள். 28 என்றால் வருடத்துக்கு 13 ரீலோட். கரண்டும் சும்மா இல்லை: 10 வாட் மோடம் நாள் முழுக்க ஓடினால் மாதம் 7 அலகு. 90 அலகை ஒட்டி நிற்கும் வீட்டில் அது பில்லை அடுத்த படிக்குத் தூக்கிவிடும்.

"மோடம் வாங்கியதும் டேட்டா பறக்கிறது" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் போன்தான். வைஃபை கிடைத்தவுடன் அது இலவசம் என்று நினைத்து ஆப் அப்டேட், போட்டோ பேக்அப், வாட்ஸ்அப் வீடியோ எல்லாவற்றையும் கேட்காமலே இழுக்கும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் செட்டிங்கில் 'மீட்டர்ட்' (அளவு பார்த்துப் பாவிக்க வேண்டிய டேட்டா) என்று மாற்றுங்கள். விண்டோஸிலும் அதே பெயரில் ஒரு தெரிவு உண்டு. நெட்ஃபிளிக்ஸை எச்டியில் விட்டால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். பகல் டேட்டாவில் அதைப் பார்ப்பது வீண்.

புறக்கோட்டையில் பழைய மோடம் எடுப்பதானால் உங்கள் சிம்மைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு லொக் செய்த மோடத்தில் வேறு சிம் வேலை செய்யாது. பெட்டியிலுள்ள ஐஎம்இஐ இலக்கத்தை (கருவியின் அடையாள இலக்கம்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, அது பதிவானதா என்றும் சரிபார்க்கலாம். வீட்டில் வைக்கும் இடம் ஜன்னலோரம். கொங்கிரீட் சுவருக்கு நடுவில் வைத்தால் 4ஜி கோடு ஒன்றுதான் காட்டும். மோடத்தின் செட்டிங் பக்கத்தில் RSRP என்று காட்டும் சிக்னல் எண் மைனஸ் 110க்குக் கீழே போனால் எந்த பக்கேஜும் ஒழுங்காக ஓடாது. காசு கட்டுமுன் அதே நிறுவனத்து சிம்மைப் போனில் போட்டு, மோடம் வைக்கப்போகும் மூலையில் இரவு ஒன்பது மணிக்கு வேகத்தைப் பாருங்கள்.