‘டிஃப் லாக்’: அச்சுப் பூட்டு

செகண்ட்ஸில் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் வண்டி) தேடுகிறவர்கள் ‘டிஃப் லாக் உண்டு, கம்பெனி ஃபிட்டிங்’ என்ற வரியை அடிக்கடி பார்த்திருப்பார்கள். நண்பருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனபோது, ‘டிஃப் லாக் எங்கே?’ என்று கேட்டேன். விற்பவர் ஃபோர் லோ லிவரை, அதாவது நான்கு சக்கரங்களையும் தாழ்ந்த கியரில் ஓட்டும் லிவரைத் தொட்டுக் காட்டினார். அவர் ஏமாற்றவில்லை. அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்று உண்மையாகவே நம்பியிருந்தார்.

‘டிஃப்’ என்பது ‘டிஃபரென்ஷியல்’ என்பதன் சுருக்கம்: ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லிணை. அது லத்தீன் வழி வந்த சொல். தனித்தனியே பிரித்துக் கொண்டுபோவது என்பது வேர்ப்பொருள். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். மாட்டு வண்டிக்கு இதனால் தொல்லையில்லை. இருசின் இரு முனையிலும் சக்கரங்கள் தன்பாட்டில் சுற்றும், கடையாணி கழலாமல் காக்கும். எஞ்சினே இரு சக்கரங்களையும் சுழற்றத் தொடங்கியபோதுதான் இந்தப் பல்லிணை தேவைப்பட்டது. பிரான்ஸில் கடிகாரத் தொழில் தெரிந்த ஒனேசிஃபோர் பெக்கேர், 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதன் குறை சேற்றில் தெரியும். வழுக்கும் சக்கரம் வீணாகச் சுற்ற, கெட்டித் தரையில் இருக்கும் சக்கரம் அசையாமல் நிற்கும். அப்போது இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பதே லாக்.

தமிழில் ‘பூட்டு’ என்றால் கதவுப் பூட்டு மட்டுமா? ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம். இரு மாடுகளை ஒரே நுகத்தில் பிணைத்துச் சேர்ந்து நடக்க வைப்பதும் பூட்டுவதுதான். இங்கே நடப்பதும் அதுவே. ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் பொருத்தமானது என்பேன். டிராக்டர்காரர்களுக்கு இது பழகிய விஷயம்: சேற்றுழவில் ஒரு சக்கரம் புதைந்து சுற்றினால் லாக் பெடலை மிதிப்பார்கள், வரப்போரம் திருப்பும் முன் காலை எடுத்துவிடுவார்கள்.

டிஃபரென்ஷியலை ‘வகையீட்டுப் பல்லிணை’ என்பது எனக்கு ஒப்பவில்லை. வகையீடு கணிதத்தின் சொல். ‘வேறுபாட்டுப் பல்லிணை’ தேவலை. அதன் லாக்குக்கு ‘அச்சுப் பூட்டு’ போதும். முன்னச்சுப் பூட்டு, பின்னச்சுப் பூட்டு என்று பிரித்துச் சொல்லவும் வசதி.

ஆனால் கம்பெனி தரும் பூட்டுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. 2021-இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்கா ஜீப்பில் இரு அச்சுகளுக்கும் பூட்டு உண்டு. ஓட்டுநரே லிவரைப் போட வேண்டும். 2015-இல் மேம்படுத்தப்பட்ட மஹிந்திரா ‘தார்’ ஜீப்பின் பின்னச்சில் வந்தது தானியங்கிப் பூட்டு. இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும். 2020-இல் வந்த தாரில் இது எல்லா வேரியண்ட்டிலும் இல்லை. சிலவற்றில் இருப்பது, சுற்றும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு. பெயரில் ‘லாக்கிங்’ இருந்தாலும் அது அச்சுப் பூட்டு ஆகாது.

லிவர் பூட்டைச் சோதிப்பது எளிது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, டூ வீல் டிரைவில் வைத்து, கியரில் விடுங்கள். ஒரு சக்கரத்தை முன்னே உருட்டினால் மற்றது பின்னே உருளும். பூட்டைப் போட்டதும் அதே சக்கரம் லேசாக ஆடி, ‘டக்’கென்று நின்றுவிடும். பிறகு நியூட்ரலுக்கு மாற்றினால் இரண்டும் ஒரே திசையில் உருளும். தானியங்கிப் பூட்டை இப்படிக் கையால் மெல்ல உருட்டிக் கண்டுபிடிக்க முடியாது; அந்த வேகம் கையில் வராது. அதற்கு வண்டியை மணலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.