ஷாஃப்டுக்கு ஒரு தாள் அளவு இடம்

ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில், நண்பரின் பட்டறைக் கொட்டகையில் என் பழைய யெஸ்டி பைக்கின் எஞ்சின் கேஸைப் பூட்டி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. போல்ட்டுகளைக் கையால் திருகிய வரைக்கும் கியர் ஷாஃப்ட் விரல் பட்டாலே சுற்றியது. ஸ்பேனர் போட்டு இறுக்கியதும் நின்றுவிட்டது. உள்ளே இருந்த பாகங்கள் எல்லாம் பழையவைதான். கேஸின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தேன். பழையது கிழிந்துவிட்டதே என்று, கைக்குக் கிடைத்த மெல்லிய ஷீட்டில் நானே வெட்டிப் போட்ட பேக்கிங் அது.

யெஸ்டி மைசூரில் 1996 வரை தயாரான வண்டி. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே அலுமினியக் கேஸுக்குள் இருக்கும். கேஸை இரண்டாகப் பிளந்து, ஷாஃப்டுகளை உள்ளே வைத்து, திரும்ப மூட வேண்டும். மூடிய பிறகு ஷாஃப்ட் தன் நீளவாக்கில் துளி முன்னும் பின்னும் நகர இடம் இருக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'பிளே' என்பார்கள், சிலர் 'ஆட்டம்' என்பார்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும். அந்தந்த வண்டியின் மேனுவல் சொல்வதுதான் கணக்கு. இங்கே புரிந்துகொள்வதற்காக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜெராக்ஸ் தாள் ஒன்று அல்லது இரண்டின் கனம்.

இந்த இடம் எதற்கு என்று கேட்டால், "சூட்டில் இரும்பு விரியுமில்லையா, அதற்கு" என்பார்கள். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது நியாயமாகத்தான் படும். இணைப்புகளில் டயர் ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வரும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தக் கான்கிரீட் 10 டிகிரி சூடேறினால் மொத்தத்தில் கால் மீட்டர் அளவுக்கு நீளும். அதை அந்த இடைவெளிகள்தான் வாங்கிக்கொள்கின்றன.

கியர் பாக்ஸில் கதை தலைகீழ். 150 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிக்கு எஃகு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும், அலுமினியம் சுமார் 23 மைக்ரான். இரண்டும் 30 டிகிரியிலிருந்து 90-க்குப் போனால் ஷாஃப்ட் 0.11 மில்லிமீட்டர் நீள்கிறது, அதைச் சுற்றியுள்ள கேஸோ 0.21. ஆக, சூட்டில் ஆட்டம் கூடுகிறது. கடல் காற்று அடித்துக் கேஸ் 60 டிகிரியிலேயே நிற்க, உள்ளே ஷாஃப்ட் மட்டும் 90-ஐத் தொட்டால்? கேஸும் 0.10 நீண்டிருக்கும். இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி.

அப்படியானால் இடம் எதற்கு? பால் பேரிங் முக்கியமாகத் தாங்குவது ஷாஃப்டுக்குக் குறுக்காக வரும் பாரத்தை. இரு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் குண்டுகள் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் ஓரத்தில் ஏறி ஓடும். பேரிங் சூடாகும், சீக்கிரம் இரையும். கியரும் வாஷரும் உரசும் இடத்தில் ஆயில் படலம் நிற்கவும் துளி இடம் வேண்டும். மெல்லிய பேக்கிங்கால் கேஸின் பாதிகள் நெருங்கிவிட, என் ஷாஃப்டுக்கு அந்த இடம் சுத்தமாக இல்லை.

ஆட்டம் கூடிப்போனால் வேறு தொல்லை. கியர்கள் ஒன்றையொன்று பிடிப்பது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டுப் பற்களால். பட்டறையில் 'டாக்' என்பார்கள். கியர் மாற்றும்போது உள்ளே இருக்கும் ஃபோர்க் கியரைச் சரியான இடத்துக்குத்தான் தள்ளுகிறது, ஆனால் எதிரில் இருக்கும் கியர் ஷாஃப்டோடு சேர்ந்து விலகிவிட்டால் பற்கள் பாதி ஆழத்தில்தான் கோக்கும். பாரம் ஏறும்போது முனைகள் மழுங்கும், அப்புறம் கியர் தானாகக் கழன்றுவிடும்.

சரி, எப்படி அளப்பது? கேஸை முதலில் சுத்தம் செய்யுங்கள். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில், பாதிகள் ஒட்டும் அலுமினிய முகத்தில் வெள்ளையாகப் பொடி பூக்கும். அதைச் சுரண்டாமல் அளந்தால் அந்தப் பொடியையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். பேரிங் கடைசி வரை இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடித்து இறக்காதீர்கள். தோசைக்கல்லைச் சோதிப்பது போலத் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்னும் பதத்துக்குக் கேஸைச் சூடாக்கினால், 52 மில்லிமீட்டர் பேரிங்கின் குழி 0.08 அளவுக்கு அகலும். பேரிங் தானாக உட்காரும்.

பிறகு, ஒவ்வொரு பாதியிலும் கேஸ் முகத்திலிருந்து பேரிங் வரை உள்ள ஆழத்தை அளக்க வேண்டும். ஒரு பக்கம் 31.40, மறுபக்கம் 88.25 என்போம். அழுந்திய நிலையில் பேக்கிங் 0.30. மொத்தம் 119.95. ஷாஃப்டில் பேரிங்கை முட்டும் இரண்டு தோள்களுக்கும் இடையே 119.55. மிச்சம் 0.40. இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய வளையமான ஷிம் வாஷர் ஒன்றை 0.25 கனத்தில் போட்டால் 0.15 நிற்கும். மெல்லிய ஷிம்களை அடுக்குவதைவிட ஒரே ஷிம் நல்லது. அடுக்கினால் நடுவில் ஆயிலும் தூசியும் புகுந்து அளவைக் கெடுக்கும்.

ஷிம்மை எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆட்டத்தின் அளவு எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் ஷாஃப்ட் மொத்தமும் ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரும், டாக் கோக்கும் ஆழமும் மாறும். எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்துவிட்டே பக்கத்தை முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தாலும் பூட்டிப் பார்க்காமல் நம்ப முடியாது. வெளியே தலை நீட்டும் ஷாஃப்டாக இருந்தால் முனையில், நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, இழுத்தும் தள்ளியும் முள்ளைப் பார்க்கலாம். உள்ளேயே ஒளிந்திருக்கும் ஷாஃப்டுக்கு அது முடியாது. ஷிம் போடாமல், தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவே கிரீஸ் தொட்டு ஈயக் கம்பித் துண்டை ஒட்டி, பேக்கிங்கோடு முழுதாக இறுக்கி, திறந்து, நசுங்கிய கம்பியின் கனத்தை அளப்பேன். மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும். தடித்ததை வைத்தால் அது நசுங்க மறுத்து அளவைக் கெடுக்கும்.

மெல்லிய பேக்கிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய கனத்திலேயே புதிதாக வெட்டினேன். இறுக்கிய பிறகு ஷாஃப்டின் இரு முனைகளையும் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கையால் இழுத்துத் தள்ளினால் மெல்ல 'டிக்' என்றது. அதே ஷீட்டில் இன்னொரு பேக்கிங்கும் வெட்டி வைத்திருக்கிறேன். மிச்ச ஷிம்களை ஆயில் தோய்த்த தாளில் சுற்றி டப்பாவில் போட்டாயிற்று. வெளியே வைத்தால் ஒரு கச்சான் காற்றுக் காலம் போதும், துரு ஏறிக் கனமே மாறிவிடும்.