கிரேஸ்: அருளா, நயமா, நன்றியா?

கிரேஸ் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தேர்வில் போடும் கிரேஸ் மார்க்தான். அப்புறம், கெடு முடிந்த பிறகும் பணம் கட்ட விடும் கிரேஸ் பீரியட். ஒருவர் ஆடும் அழகு கிரேஸ். சாப்பிடுமுன் சொல்லும் செபமும் கிரேஸ். பிரிட்டனில் டியூக்கை அழைப்பதும் 'யுவர் கிரேஸ்' என்றுதான். இத்தனையும் ஒரே சொல்லா? ஆம், ஒரே சொல்தான்.

லத்தீனில் 'கிராத்துஸ்' என்றால் மனத்துக்கு உவப்பானது. அதிலிருந்து வந்தது 'கிராத்தியா'. அதுவே பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் கிரேஸ் ஆனது. கண்ணுக்கு உவப்பான தோற்றம், ஒருவர் உவந்து செய்யும் உதவி, அதைப் பெற்றவர் மனத்தில் எழும் நன்றி என மூன்றையும் கிராத்தியா ஒன்றே சுமந்தது. இன்றும் இத்தாலியர் நன்றி சொல்வது 'கிராத்சியே' என்று. ஸ்பானியர் சொல்வது 'கிராசியாஸ்'. சாப்பாட்டு செபத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான்: அது நன்றி சொல்லும் செபம். இலவசம் என்று பொருள்படும் 'கிராட்டிஸ்' கூட இதன் உறவுதான். விலை இல்லை, வெறும் நன்றிக்குக் கொடுத்தது.

கொடுத்ததற்கும் பெற்றவர் உணர்வுக்கும் ஒரே சொல் எப்படி என்று கேட்கலாம். நம் 'நன்றி'யைப் பாருங்கள். திருக்குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' என்ற அதிகாரத்தில் நன்றி என்பது செய்த நன்மை. அதை மறவாமல் இருப்பதுதான் அறிதல். இன்றோ அந்த அறிதலையே நன்றி என்கிறோம். கொடுத்தவர் பக்கம் இருந்த சொல் பெற்றவர் பக்கம் வந்துவிட்டது. கிராத்தியா நடந்த அதே வழி! எனக்கு இதில் தீராத வியப்பு. 'நயம்' இன்னும் நெருக்கம். நயத்தல் என்றால் விரும்புதல். நயம் என்றால் அழகு, அன்பு, நன்மை.

ஆகவே தமிழாக்கும்போது இடம் பார்க்க வேண்டும். அசைவில் தெரிவது நயம், நளினம், ஒயில். கடவுளிடமிருந்து வருவது அருள். கிறிஸ்தவத் தமிழில் கிருபை என்றும் வரும். அது வடமொழிச் சொல். நான் அருளையே எடுப்பேன். 'அருளென்னும் அன்பீன் குழவி' என்கிறது குறள். உறவு பார்க்கும் அன்பு முதிர்ந்து, எல்லா உயிரையும் தழுவும்போது அது அருள். தகுதி பார்க்காமல் கிடைப்பது என்ற கிரேஸின் உட்பொருள் அதில் அப்படியே இருக்கிறது.

கிரேஸ் பீரியடுக்குச் சலுகைக் காலம் சரி. கிரேஸ் மார்க்கைக் கருணை மதிப்பெண் என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. மாணவரை இரக்கத்துக்கு உரியவராக்கிவிடுகிறது அந்தச் சொல். சலுகை மதிப்பெண் போதும்.

ஓரிடத்தில் மட்டும் எதுவும் பொருந்தாது. பிரெஞ்சில் 'கூ த கிராஸ்' என்பார்கள். குற்றுயிராய்த் துடிப்பவரின் வேதனை தீர, இரங்கிக் கொடுக்கும் கடைசி அடி. இன்று அந்த இரக்கம் போய், எதிராளியை வீழ்த்தும் முடிவான அடி என்ற பொருளே பெரிதும் வழங்குகிறது. அங்கே 'இறுதி அடி' என்றுதான் எழுத வேண்டும்.