டிசர்வ்: தகுதியா, உரிமையா?

மாயக்கதைத் தொடர்களில் யாருக்கு யார் ஜோடி என்று பேச்சு வந்தால் 'டிசர்வ்' (deserve) என்ற இந்த ஆங்கிலச் சொல்லும் வந்துவிடும். "இவ்வளவு செஞ்சானே, அவ காதலை அவன் டிசர்வ் பண்றான்" என்பார் ஒருவர். "செஞ்ச பாவத்துக்கு எதையுமே டிசர்வ் பண்ணல" என்பார் இன்னொருவர்.

லத்தீனில் 'டெசெர்வீரே' என்றால் மனமாரத் தொண்டு செய்வது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, தொண்டு செய்து பெறும் உரிமை என்று பொருள் மாறியது. சர்வீஸும் இதே குடும்பம்தான். அதாவது, கூலி என்ற எண்ணம் சொல்லிலேயே ஊறியிருக்கிறது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தகுதி. (அருகதை என்பது வடமொழி வழி வந்தது.) 'தகு' என்றால் பொருந்து, ஏற்றதாக இரு. ஒருவருக்குத் தகுதி வந்துவிட்டது என்பதால் மற்றவர் அவருக்குக் கடன்பட்டவர் ஆகிவிட மாட்டார். அப்படிக் கேட்டு வாங்க முடிந்தால் அது உரிமை. டிசர்வ் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' தொடரின் ஸ்பைக்கைப் பாருங்கள். அவன் ஆன்மா இல்லாத ரத்தக்காட்டேரி, பஃபி ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பெண். ஆறாம் சீசனில் அவன் பஃபியைப் பலவந்தப்படுத்த முயல்கிறான். பிறகு ஊரைவிட்டுப் போய், தன்னைப் பழையபடி ஆக்கச் சொல்லி ஒரு பூதத்திடம் கேட்கிறான். பஃபி டிசர்வ் பண்ணுவது அவளுக்குக் கிடைக்கட்டும் என்கிறான். பழிவாங்கப் போகிறான் என்றே தோன்றும். 2002இல் வந்த சீசன் முடிவில் அவனுக்குத் திரும்பக் கிடைப்பது அவனுடைய ஆன்மா. தமிழில் "பஃபிக்குத் தக்கது கிடைக்கட்டும்" என்றால் மிரட்டல், பரிசு இரண்டுமே அதில் நிற்கும். 2003இல் வந்த கடைசி எபிசோடில் அவள் காதலிப்பதாகச் சொல்ல, அவன் இல்லை என்று மறுத்து, சொன்னதற்கு நன்றி மட்டும் சொல்கிறான். அவன் தகுதி பெற்றவன் என்று நான் நம்புவது இந்த இடத்தில்தான். கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக அவன் அதை நினைக்கவில்லை.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஜோரா மார்மான்ட் வேறு வகை. பின்னாளில் தான் காதலித்த அரசி டெனேரிஸை ஒருகாலத்தில் உளவு பார்த்தவன், 2019இல் வந்த கடைசி சீசனில் அவளைக் காத்தபடியே உயிரை விடுகிறான். இழந்த நம்பிக்கையை மறுபடி ஈட்டினான். 'ஈட்டு' இங்கே கச்சிதமாகப் பொருந்தும். காதல் மட்டும் கடைசிவரை கைக்கிளைதான், ஒருதலைதான். அதற்காக அவளைக் குறைசொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொல்காப்பியக் களவியல் 'ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப' என்கிறது, அதாவது ஒத்த தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பார்கள். ஒத்திருப்பது தகுதி, ஆனால் அவர்களைச் சந்திக்க வைப்பது 'பால்', அதாவது ஊழ். உழைப்புக்குக் கூலி என்ற கணக்கே அங்கே இல்லை.

அப்புறம், மொழிபெயர்ப்பில் அடிக்கடி இடறும் 'யூ டிசர்வ் பெட்டர்'. "நீ இதைவிடச் சிறந்தவருக்குத் தகுதியானவள்" என்று எழுதினால் யார் வாயிலும் வராது. "உனக்கு இதைவிட நல்ல துணை அமையணும்" என்பதுதான் நம் பேச்சு.